கைக்கு வேலை வேண்டும்

இறந்தவரை நினைத்து இருப்பவர் புலம்பும் பாட்டுக்குத் தமிழ் இலக்கணம் வைத்த பெயர் கையறுநிலை. தொல்காப்பியம் அதைக் காஞ்சித் திணையில் ஒரு துறையாகச் சொல்கிறது. பேச்சுத் தமிழிலும் அதே கைதான் வருகிறது: "கையும் ஓடல காலும் ஓடல", "கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு". துக்கம் என்றால் நெஞ்சையும் கண்ணையும்தான் நினைத்துக்கொள்கிறோம். பெயர் வைத்தவர்கள் கையைப் பார்த்திருக்கிறார்கள். சாவு விழுந்த வீட்டில் அந்த அம்மாவின் கையைக் கவனித்தால் தெரியும். முந்தானை நுனியைச் சுருட்டும், விரிக்கும், பிறகு மடியில் மல்லாந்து கிடக்கும். நேற்று ராத்திரி வரை மாத்திரை பிரித்து, தண்ணீர் புகட்டி, முதுகு தடவிக் கொடுத்த கை அது. காலையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

நம் சாவுச் சடங்குகளில் பாதிக்கு மேல் அந்தக் கைக்கு வேலை கொடுக்கிற ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன். சாஸ்திரக் காரணங்கள் ஆயிரம் இருக்கட்டும். கட்டு, கழுவு, அரிசி எடு, குடம் தூக்கு, பால் ஊற்று, எலும்பு பொறுக்கு என்று ஒன்று முடிந்ததும் அடுத்தது வரும். இன்றைக்கு அந்த வேலைகளில் பலவற்றைக் காசு கொடுத்து வெளியே விட்டுவிட்டோம். 16 நாள் காரியத்தை மூன்றாம் நாளே முடித்துவிட்டு ஊர் திரும்புகிறோம். நிஜமாகவே ஆள் தேவைப்படும் நாளில் வீட்டில் ஆள் இருப்பதில்லை. எந்த வேலையை யார் செய்யலாம், எது எங்கே தவறிப்போகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது அந்தக் குடும்பத்துக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.

முதல் ஒரு மணி நேரத்திலிருந்து தொடங்குகிறேன். உயிர் பிரிந்த நேரத்தை யாராவது ஒருவர் தாளில் எழுதி வைக்க வேண்டும். பின்னால் மருத்துவரும் கேட்பார், பதிவு அலுவலகத்திலும் கேட்பார்கள், திதி பார்ப்பவரும் கேட்பார். உடல் விறைக்கத் தொடங்குவது இமையிலும் தாடையிலும்தான். இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே தெரிய ஆரம்பித்து, கழுத்து, கை, கால் என்று இறங்கும். சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்க விறைத்துவிடும், வெயில் காலத்தில் அதற்கும் முன்பே. அதனால்தான் பெரியவர்கள் உடனே கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொன்னார்கள். பழைய வேட்டியில் நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். தாடைக்கு அடியில் கொடுத்து, காதோரமாக மேலே கொண்டுபோய், உச்சியில் கொஞ்சம் பக்கவாட்டில் முடிச்சுப் போடுங்கள். பல்செட் இருந்தால் கட்டுவதற்கு முன்பே பொருத்திவிட வேண்டும். விறைத்த பிறகு வாயைத் திறக்க முடியாமல், கன்னம் ஒட்டிய முகத்தோடுதான் எல்லோரும் கடைசியாகப் பார்க்க வேண்டியிருக்கும். இமைகளை விரலால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மேலே நனைத்த பஞ்சு வையுங்கள். தலைக்குக் கீழே ஒரு தலையணை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ரத்தம் முகத்தில் தங்கி நிறம் மாறும், வாய் வழியாக நீர் வரும். நேரம் தவறிவிட்டால் கை காலை வலிந்து இழுக்காதீர்கள். மூட்டை மெல்ல நீவிக் கொடுத்தால் ஓரளவு தளரும்.

இந்த வேலையைப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து செய்துவிடுவார். அவருக்குப் பழக்கம் இருக்கும், நல்ல மனசும் இருக்கும். இருந்தாலும் மகளிடமோ மகனிடமோ மனைவியிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். "நீ கட்டுறியாம்மா, நான் தலையைப் பிடிச்சுக்கறேன்" என்று சொன்னால் பெரும்பாலும் எழுந்து வருவார்கள். அந்த இரண்டு நிமிடம் ஆயுசுக்கும் நினைவில் நிற்கும்.

கண் தானம் பற்றி முன்பே பேசியிருந்தாலும் பேசாவிட்டாலும், முடிவை அப்போதே எடுக்க வேண்டும். 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 104க்குச் சொன்னால் பக்கத்தில் உள்ள கண் வங்கிக்குத் தகவல் போகும். அவர்கள் வரும்வரை ஃபேனை நிறுத்தி வையுங்கள், காற்றில் விழிவெண்படலம் காய்ந்துவிடும். வேலை 20 நிமிடத்தில் முடிந்துவிடும், முகம் சிதையாது. கண்புரை அறுவை செய்தவர்களும் கண்ணாடி போட்டவர்களும் கொடுக்கலாம். சர்க்கரை நோய் இருந்தாலும் தடையில்லை.

வீட்டில் இறந்தால், சிகிச்சை பார்த்துவந்த மருத்துவரை அழைத்து இறப்புக்கான காரணத்தை எழுதி வாங்குங்கள். நகரங்களில் மயானத்தில் அந்தச் சீட்டையும் இறந்தவரின் ஆதாரையும் கேட்பார்கள். ராத்திரி 2 மணிக்குத் தெரியாத மருத்துவரைக் கூப்பிட்டால் எழுதித் தரத் தயங்குவார், அவர்மேல் குறையில்லை. படுக்கையில் நீண்ட நாள் இருப்பவர் வீட்டில், கடைசி மருத்துவச் சீட்டுகள் ஒரே பையில் இருந்தால் இந்த அலைச்சல் பாதி குறையும். விபத்து, தற்கொலை, சந்தேகம் என்று எது இருந்தாலும் உடலைக் கழுவக் கூடாது, நகர்த்தக் கூடாது. முதலில் காவல் நிலையம், பிறகுதான் மற்றது. 108 ஆம்புலன்ஸ் உயிர் காக்க ஓடுவது, இறந்தவர் உடலை ஏற்றாது. அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவர 155377இல் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. இது தெரியாமல் மருத்துவமனை வாசலில் தனியார் வண்டிக்குக் கேட்ட காசைக் கொடுத்துவிட்டுப் பிறகு மனசு ஆறாமல் இருப்பவர்கள் ஏராளம்.

அடுத்து ஐஸ் பெட்டி. வெளிநாட்டிலிருந்து மகன் வர வேண்டும், மகளுக்கு விமானம் கிடைக்கவில்லை என்றால் வேறு வழியில்லை. பெட்டி வந்ததும் காலியாகவே ஓடவிட்டுக் குளிரேற்றிக்கொள்ள வேண்டும். உடலை வைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டால் உள்ளே குளிர் பிடிக்கவே நேரமாகிவிடும். சுவர் பிளக்கில் நேராக மாட்டுங்கள். பந்தல் விளக்கு, சீரியல் செட், காப்பி இயந்திரம் எல்லாம் தொங்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டினால் மின்னழுத்தம் இறங்கி கம்ப்ரஸர் நின்றுவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். உருகி வரும் நீருக்கு அடியில் ஒரு குழாய் உண்டு. அதன் நுனி வாளிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தரை ஈரமாகும். எல்லோரும் வெறுங்காலோடு அந்த ஈரத்தில் நின்று இரும்புப் பெட்டியைத் தொட்டு அழுகிறார்கள். மின்கசிவு இருந்தால் அடுத்த சாவு அங்கேயே விழும். எலக்ட்ரீசியன் ஒருவரை அழைத்து டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாலைகளை உள்ளே போடாதீர்கள். குளிர்க்காற்று ஓடும் வழியை அடைத்துக்கொண்டு அழுகும். மூடியின் மேலே போட்டால் போதும். ஒவ்வொரு உறவுக்காகவும் மூடியைத் திறந்தால் உள்ளே குளிர் நிற்காது. "அரை மணிக்கு ஒரு தடவைதான் திறப்போம்" என்று ஒருவர் பொறுப்பெடுத்துச் சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் விடப் பெரியது அந்தக் கண்ணாடி. வெளியே புழுக்கம், உள்ளே குளிர், அதனால் கண்ணாடியில் ஆவி படியும். முகம் மங்கும். யாராவது ஒரு பெண் துண்டால் துடைப்பாள், ஐந்து நிமிடத்தில் மறுபடி மங்கும், மறுபடி துடைப்பாள். விடியவிடிய அப்படித் துடைத்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. அந்தத் துண்டைக் கையிலிருந்து பிடுங்காதீர்கள். அந்தக் கைக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான். பெட்டியில் வைப்பதற்கு முன்பு ஒரு அரை மணி நேரம் கூடத்தில் பாயில் கிடத்தி, நெருங்கிய சொந்தம் தொட்டு அழ இடம் கொடுங்கள். பெட்டி வண்டிக்காரர் அவசரப்படுத்துவார். காத்திருக்கட்டும்.

ஒப்பாரி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கும் நகரத்துப் பிள்ளைகளுக்கும் அது சத்தமாகக் கேட்கிறது. அதற்கு ஒரு கட்டு உண்டு. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோள்மேல் கை போட்டு, தலையோடு தலை சேர்த்துக்கொள்வார்கள். ஒருத்தி எடுப்பாள். அடி தாழத் தொடங்கி மேலே ஏறி, கடைசியில் இறந்தவரின் உறவுமுறையைச் சொல்லிக் கூப்பிட்டு உடைந்து இறங்கும். மற்றவர்கள் அந்தக் கடைசிச் சொல்லில் சேர்ந்துகொள்வார்கள். பிறந்த வீட்டுப் பெருமை, புகுந்த வீட்டில் பட்டது, தராமல் விட்ட நகை, பிரித்துக் கொடுக்காத நிலம் என்று எல்லாம் அதில் வரும். மற்ற நாளில் வாய் திறக்க முடியாத மருமகள் அன்றைக்குச் சபையில் வைத்தே சொல்லலாம். பாட்டுக்குள் சொன்னதை யாரும் வழக்காக எடுக்க மாட்டார்கள். புதிதாக ஒரு துஷ்டிக்காரி வாசலில் நுழைந்தால் அழுகை மறுபடி ஓங்கும். பத்து நிமிடம் ஆனதும் அடங்கும். மூக்கைச் சிந்திவிட்டு, "எந்த பஸ்ல வந்தே?", "சின்னவன் பரீட்சை எழுதிட்டானா?" என்று பேச்சு ஓடும். காப்பி வரும். அடுத்த ஆள் வருவார், மறுபடி அழுகை.

பார்க்கிறவர்களில் சிலருக்கு இது பொய்யழுகை என்று தோன்றும். துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஸ்கட்டும் 1999இல் சொன்னது இந்த வட்டத்தில் நடப்பதைத்தான். துக்கப்படுபவர் இழப்பை நேராகப் பார்ப்பதும், அதிலிருந்து விலகி அன்றாடத்துக்குத் திரும்புவதுமாக மாறிமாறிப் போய்வருவதுதான் ஆரோக்கியம், ஒரே பக்கம் தங்கிவிட்டால்தான் சிக்கல் என்றார்கள். ஐந்து படி என்று ஒன்று எல்லோர் வாயிலும் இருக்கிறதே, மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு, அதை 1969இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் எழுதியது சாகப் போகும் நோயாளிகளைப் பார்த்து. பறிகொடுத்தவர்கள் ஏற வேண்டிய படிக்கட்டாக அது எப்படியோ மாறிவிட்டது. "இன்னும் உனக்குக் கோபமே வரலையே" என்று ஒருவரைச் சோதிப்பதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

ஆண்களுக்கு ஒப்பாரி இல்லை. அவர்களுக்குக் கொடுத்தது ஓட்டம்: பந்தல், பாடை, சொல்லி அனுப்புதல், விறகு, கணக்கு. பெண்களுக்குக் குரல், ஆண்களுக்குக் கை என்று பிரித்திருந்தார்கள். இப்போது ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் மொத்தமாகப் பேசிவிடுகிறோம். பந்தல், நாற்காலி, பெட்டி, பூ, வண்டி, தகனம் எல்லாம் அவர் பார்த்துக்கொள்கிறார். வசதிதான். ஆனால் மகன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். அழவும் விடவில்லை, வேலையும் இல்லை. ஒப்பந்தம் போடுங்கள், ஆனால் ஒன்றிரண்டை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தென்மாவட்டங்களில் நீர்மாலை எடுக்கப் பிள்ளைகள் குடத்தோடு போவார்கள், தலைக்கு மேலே வெள்ளை வேட்டியை விதானமாகப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அதைத் தெருக்குழாயிலிருந்தாவது செய்யலாம். குளிப்பாட்டுவதைக் கூலிக்கு விடாதீர்கள். வாய்க்கரிசிக்குக் குழந்தைகளையும் கூப்பிடுங்கள்.

குழந்தைகளிடம் "தாத்தா தூங்குறார்", "ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லவே கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே சாவு திரும்பிவராத ஒன்று என்பது பிடிபடாது. தூங்குகிறார் என்றால் ராத்திரி தூங்கப் பயப்படும். ஊருக்கு என்றால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். "தாத்தா செத்துப் போயிட்டார், அவர் உடம்பு இனிமே மூச்சு விடாது, வலிக்காது" என்று சொன்னால் போதும். அதே கேள்வியை நாலு நாள் கழித்துக் கேட்கும். அதே பதிலைச் சொல்லுங்கள்.

இந்தக் கைவேலைகளைப் பெருமையாகப் பேசும்போது மறைக்கக் கூடாதது ஒன்று இருக்கிறது. சாவின் கடினமான வேலைகளை நம் ஊர்கள் சில சாதிகளின் தலையில் கட்டிவைத்தன. குழி வெட்டுவதும், பிணம் எரியும் வரை காவல் இருப்பதும், பறை அடிப்பதும், சேதி சொல்ல ஊர் ஊராக நடப்பதும் அவர்கள் பாடு. அழுத கை ஒன்று, வெந்த கை வேறொன்று. மயானத்தில் வேலை செய்பவருக்குப் பேசிய கூலியைப் பேரம் பேசாமல் முதலிலேயே கையில் கொடுங்கள், சாராயத்தில் கணக்கு முடிக்காதீர்கள். அவர் பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

மயானத்தில் இரண்டு மூன்று விஷயம்தான். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் தகன மேடைக்காரரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அதன் பேட்டரி சூட்டில் வெடிக்கும். மருத்துவமனையிலேயே எடுத்துவிடச் சொல்வது நல்லது. எரிவாயு மேடையில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்து சாம்பலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வரட்டி அடுக்கி, வைக்கோல் மூடி, மேலே களிமண் பூசி எரிக்கிற முறையில் ராத்திரி முழுக்கக் கனன்று, மறுநாள் காலை பால் தெளிக்கப் போகும்போதும் அடியில் சூடு இருக்கும். தண்ணீர் தெளித்து ஆறவிட்டு, காலில் தொடங்கித் தலைவரை எலும்பு பொறுக்கி, மண் கலயத்தில் போட வேண்டும். அவசரத்தில் பிளாஸ்டிக் பையில் அள்ளினால் பை உருகி எலும்பு கீழே கொட்டும். அந்தக் காட்சி மனசைவிட்டுப் போகாது. கொள்ளிக்குடம் உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரச் சொல்வார்கள். பெண்களை மயானத்துக்கு விடாத வழக்கத்தை விட்டுவிடும் காலம் வந்துவிட்டது. வாசலோடு நிறுத்தப்படும் மகளுக்கு அப்பா தெருமுனை திரும்பியதுதான் கடைசிக் காட்சி. வர விரும்புகிறாயா என்று அவளைக் கேட்க வேண்டும். முடிவை அவளே எடுக்கட்டும்.

கணவன் இறந்த பெண்ணுக்குப் பூவும் பொட்டும் வைத்து, வளையல் அடுக்கி, பிறகு எல்லோர் முன்னாலும் பிடுங்கும் சடங்கையும் நிறுத்துங்கள். மேலே நான் சொன்ன வேலைகள் எல்லாம் துக்கப்பட்டவருக்குக் கொடுக்கப்படுபவை. இது ஒன்றுதான் அவரிடமிருந்து பறிப்பது. குடும்பத்தில் மூத்த பெண் ஒருத்தி முன்வந்து "எங்க வீட்டுல இது வேண்டாம்" என்றால் பெரும்பாலும் நின்றுவிடும்.

காகித வேலைக்கு வருகிறேன். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், 1969ஆம் ஆண்டுச் சட்டம். எங்கே குடியிருந்தார் என்பது கணக்கில்லை, எங்கே இறந்தாரோ அந்த ஊரில்தான் பதிவு. மருத்துவமனையில் இறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள், வீட்டில் என்றால் நாம் போக வேண்டும். கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர், நகரத்தில் மாநகராட்சி அல்லது நகராட்சி சுகாதாரப் பிரிவு. 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு முடியும், அதற்கு மேல் போனால் அனுமதி, ஆவணம் என்று நீளும். அதைவிட முக்கியம் பெயரின் எழுத்து. ஆதாரில் ஒரு விதம், வங்கியில் ஒரு விதம், பட்டாவில் ஒரு விதம் என்று இருக்கும். அழுது சிவந்த கண்ணோடு போய் யாரோ சொன்னபடி எழுதிவிட்டு வருவார்கள். இனிஷியல் ஒன்று மாறினால் ஆறு மாதம் அலைய வேண்டும். ஆதார் நகலைக் கையில் வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

வாரிசுச் சான்றிதழ் வட்டாட்சியர் தருவது, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வங்கியில் நாமினி இருந்தால் இறப்புச் சான்றும் நாமினியின் அடையாள ஆவணமும் போதும், 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நாமினி என்றால் சொத்துக்காரர் என்று அர்த்தமில்லை. வாரிசுகளுக்காக வாங்கிவைத்திருப்பவர்தான், இது தெரியாமல் பல அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தையை விட்டிருக்கிறார்கள். இறந்த பிறகும் ஏடிஎம் அட்டையைப் போட்டுப் பணம் எடுக்காதீர்கள். இறந்த பிறகு வரவான ஓய்வூதியத்தைத் திரும்பப் பிடித்துவிடுவார்கள். பாஸ்புக்கைப் புரட்டி, மே ஜூன் மாதங்களில் 436 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டுச் சந்தா அது, 55 வயதுக்குள் இறந்தவருக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. அப்படி ஒரு காப்பீடு இருப்பதே தெரியாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு.

செல்போன் எண்ணை உடனே நிறுத்தாதீர்கள். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். 90 நாள் உபயோகமே இல்லாமல் கிடந்தால் எண் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்குப் போகலாம், வாட்ஸப் கணக்கு 120 நாள் ஓய்ந்து கிடந்தால் அழிந்துவிடும். முதல் வாரமே அவர் அனுப்பிய குரல் பதிவுகளையும் படங்களையும் வேறு இடத்தில் சேமித்து வையுங்கள். "சாப்பிட்டியாடா, மழை பெய்யுது, குடை எடுத்துக்க" என்கிற எட்டு நொடி பிறகு எந்தச் சொத்தையும்விடப் பெரிதாகும்.

16ஆம் நாள் காரியம் முடிந்து, தலைப்பாகை கட்டி, விருந்து சாப்பிட்டு, "போயிட்டு வரேன்" சொல்லாமல் எல்லோரும் போய்விடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பது என்று இன்னும் கொஞ்சம் நீளும். இஸ்லாத்தில் மற்றவர்களுக்கு 3 நாள், மனைவிக்கு 4 மாதம் 10 நாள் இத்தா என்னும் காத்திருப்பு. எந்த வழக்கமானாலும் ஒரு நாளில் வாசல் காலியாகும். 17ஆம் நாள் காலை எட்டரை மணிக்கு அந்த வீட்டில் இரண்டு தம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறார்கள். உண்மையான துக்கம் அன்றைக்குத்தான் உட்கார வருகிறது. துணையை இழந்த முதல் சில மாதங்களில் மற்றவரும் இறந்துபோகும் ஆபத்து கூடுகிறது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை.

ஆகவே துக்கம் விசாரிக்கப் போகாமல் விட்டுவிட்டோமே என்று வருந்துபவர்கள் 20ஆம் நாள் போங்கள், 40ஆம் நாள் போங்கள், மூன்றாம் மாதம் போங்கள். முதல் நாள் கூட்டத்தில் நீங்கள் வந்ததே அவருக்கு நினைவிருக்காது. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லாதீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள். "அத்தை, வியாழக்கிழமை பத்து மணிக்கு வண்டி எடுத்துட்டு வரேன், பேங்க் வேலையை முடிச்சுடலாம்" என்று நாளும் நேரமும் சொல்லுங்கள். "நல்ல சாவு", "கல்யாணச் சாவு", "தைரியமா இரு, பிள்ளைங்க உன்னைப் பார்த்துத்தான் இருக்கு" எதுவும் வேண்டாம். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். வீட்டில் மற்றவர்கள் பயந்து அந்தப் பெயரையே எடுக்காமல் இருப்பார்கள். மனைவியை இழந்த வயதான ஆண் தனியாக இருந்தால், பேச்சுக்கு நடுவே மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். எத்தனை குழி காலியாக இருக்க வேண்டுமோ அத்தனை இல்லையென்றால், எடுத்துக் கொடுத்தவர் போனதிலிருந்து அவர் சாப்பிடவில்லை என்று அர்த்தம். கஞ்சி, ரசம் சாதம் என்று இறங்கக்கூடியதைச் சின்ன டிபனில் கொண்டுபோங்கள். பெரிய கேரியர் பார்த்தாலே மலைப்பார்கள். அவரையே கொஞ்சம் கீரை ஆய்ந்து தரச் சொல்லுங்கள்.

ஏக்கமும் திடீர் அழுகையும் எத்தனை வருஷம் இருந்தாலும் நோய் இல்லை. ஒரு வருஷம் தாண்டியும் இறப்பையே நம்ப முடியாமல், வேலைக்கும் போகாமல், யாரோடும் சேராமல், நாள் முழுக்க அதிலேயே உழன்றால் அதற்குச் சிகிச்சை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதை நீடித்த துக்கம் என்று தனியாகவே சேர்த்திருக்கிறது, அங்கே கணக்கு 6 மாதம். "நானும் போயிடறேன்" என்ற பேச்சு வந்தால் மாதக் கணக்குப் பார்க்காதீர்கள். 14416, 104 இரண்டிலும் தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

உடலே கிடைக்காதவர்களின் துக்கம் இந்த ஒழுங்கு எதற்குள்ளும் அடங்காது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கன்னியாகுமரிக் கரையிலிருந்து போய்த் திரும்பாத மீனவர்களின் வீடுகளில் தாடை கட்டவும், குளிப்பாட்டவும், மண் போடவும் ஒன்றுமில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் இலங்கையில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பந்தல் போட்டு உட்கார்ந்த தாய்மார்கள், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் இருந்தார்கள். திவசம் கொடுத்தால் பிள்ளையைத் தானே சாகக் கொடுத்தது போலாகும் என்று கொடுக்கவில்லை. வெயிலில் வெளுத்துப்போன படத்தை மறுபடி நகலெடுத்து, கண்ணாடி உறை போட்டு, மறுநாளும் பிடிக்கிறார்கள். இவர்களிடம் "ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. இந்தியச் சட்டம்கூடப் பொதுவாக 7 ஆண்டு காத்திருக்கிறது. கேட்டால், அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் நாம் பிடித்துக்கொள்ளலாம்.

கடைசியாக அலமாரி. 16ஆம் நாளே உறவுப் பெண்கள் சேர்ந்து துணிகளை மூட்டை கட்டி, படுக்கையைத் தூக்கி எறிந்து, "இனிமே பார்த்தா நினைப்பு வரும்" என்று வீட்டைக் கழுவிவிடுவார்கள். நல்லெண்ணம்தான். சில மாதம் போகட்டும். அந்த வீட்டுக்காரரே ஒரு நாள் கதவைத் திறந்து மடித்து மடித்து அடுக்கத் தொடங்குவார், யாருக்கு எது என்று அவரே சொல்வார். அப்போது கூட உட்கார்ந்து பை பிடியுங்கள். ஒரு சட்டையையோ சேலையையோ துவைக்காமல் காற்றுப் புகாத உறையில் போட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள். வாசனை அதில் சில காலம் நிற்கும். அடிக்கடி திறந்தால் சீக்கிரம் போய்விடும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.